மாத்திரை இல்லாத வீடு

பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் மங்கை நின்றுவிட்டாள். இடது கையைக் கடலோரத்துக் குட்டைச் சுவரில் ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பீச் ரோட்டில் வண்டி விடாத நேரம். சாலை முழுக்க எங்களைப் போல நடக்கிறவர்கள். கருங்கல்லில் மோதிய அலை மேலே தெறித்து உதட்டில் உப்புக் கரித்தது. யாரோ ஒருவர் சட்டைப் பையில் இருந்த போனில் பக்திப் பாட்டு ஓடவிட்டபடி எங்களைத் தாண்டிப் போனார்.

நான் பத்தடி முன்னால் போயிருந்தேன். ட்ரில் மாஸ்டர் விசில் கழுத்தை விட்டுப் போய் வருஷக்கணக்கானாலும் என் வாய் சும்மா இருக்காது. "மங்க, நின்னா ஒடம்பு ஆறிடும், வா வா" என்று கையைத் தட்டினேன்.

அவள் திரும்பவில்லை. "நீங்க போயிட்டே இருங்க. கடல் பாத்துட்டு வரேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. அவள் வைத்திக்குப்பத்துக்காரி. அவள் அப்பா தினமும் படகைத் தள்ளுவதற்கு முன்னால் கரையில் நின்று கடலைப் பார்ப்பாராம். தண்ணீர் கலங்கலா தெளிவா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். குப்பத்தில் அதற்குப் பெயரே 'கடல் பாக்கறது'தான். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும் என்று கூட நடந்த அந்துவானிடம் சொன்னேன்.

அன்று அவள் கடல் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியதால் நின்றாள்.

மூச்சு விடுவது எப்படி என்று இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பெண்டாட்டிக்கு மூச்சு வாங்கியது எனக்குத் தெரியவில்லை. அவள் போய் இது இரண்டாவது வருஷம்.

கனகசெட்டிக்குளத்துக் கடிதம்

போன வாரம் இந்தத் தொடரில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வேட்டி அவிழ்ந்த கதையை எழுதியிருந்தேன். சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். அதற்கு முந்தைய வாரங்களிலும் சிரிப்புக் கதைகள்தான். இந்த வாரமும் அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "மாஸ்டர், அறுபத்தெட்டு வயசிலும் திடமாக இருக்கிறீர்கள். கதை எல்லாம் சரி, உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதக் கூடாதா? தினமும் என்னென்ன செய்கிறீர்கள்? என் வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டுவேன்" என்று கேட்டிருந்தார்.

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பத்திரிகை ஆசிரியரும் போனில் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார். அவருக்கென்ன, ஆரோக்கியம் என்றால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள். நானும் உட்கார்ந்து வெந்நீரிலிருந்து ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை.

ஐயா, உங்கள் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டுவேன் என்றீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பழக்கங்களைச் சொல்கிறேன். கூடவே இதையும் படித்துக் காட்டுங்கள்.

கைதட்டல்

முப்பது வருஷத்துக்கு மேல் நான் ட்ரில் மாஸ்டர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்தால் அதட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. அந்தக் கஷ்டம் என் மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். ஒரு மாதம் மங்கையை அதட்டிப் பார்த்தேன். பிறகு ஊரைப் பிடித்துக்கொண்டேன்.

குடியிருப்போர் சங்கத்தில் ஆரம்பித்தது. தட்டாஞ்சாவடி பட்டறைகளில் மதிய உணவு நேரத்தில் தொழிலாளிகளைக் கூட்டிவைத்துப் பேசச் சொன்னார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கோயில் விழா என்று போய்க்கொண்டே இருந்தது. தலைப்பு எப்போதும் ஒன்றுதான், தினமும் என்ன செய்தால் உடம்பு கெடாது.

சூரியனுக்கு முன்னால் எழுந்திருங்கள் என்பேன். பல் விளக்கியதும் இளம் வெந்நீர். நடை, வேர்க்கிற அளவுக்கு. காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, இட்லி என்றால் மூன்றோடு நிறுத்து. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடு, வாயில் இருப்பது கூழாகும்வரை மென்று விழுங்கு, சாப்பிடும்போது போனைத் தொடாதே. மத்தியானத்தில் குட்டித் தூக்கம், நீண்ட தூக்கம் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பாட்டை முடித்துவிடு. கோபத்தோடு படுக்காதே. இதில் எதையும் நான் இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன். எல்லாம் நல்ல பழக்கம்தான், நீங்களும் செய்யுங்கள்.

கடைசியில் ஒன்று வைத்திருந்தேன். பேச்சு முடிகிற நேரத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "என் வீட்டுக்கு வந்து பாருங்க. அலமாரி, பீரோ, சமையல்கட்டு எங்க வேணா தேடுங்க. ஒரு மாத்திரை கிடைக்காது" என்பேன். அப்புறம் முன் வரிசையில் இருக்கும் மங்கையைக் கையால் காட்டுவேன். "அதோ என் சம்சாரம். அறுபதைத் தொடப் போறாங்க. ஒரு பிரஷர் இல்ல, ஒரு சுகர் இல்ல. தினமும் என்னோட நடக்கிறாங்க."

கை தட்டுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். வெட்கப்படுகிறாள் என்று நினைப்பேன். பெண்களில் ஒருத்தியாவது கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க குடுத்து வெச்சவங்க அக்கா என்பாள்.

அந்தக் கைதட்டல் ஒரு போதை. வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத எனக்கு அது இருந்தது.

தினமும் மீன்

எங்களுடையது நாங்களே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். நான் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் குப்பத்தில் படகு வைத்திருந்தவர் மகள், பால்வாடியில் வேலை பார்த்தாள். இரண்டு வீட்டிலும் சாமான்யத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரகளையை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன், மறுபடியும் வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் விட்டுக்கொடுத்தது ஒன்று. எங்கள் வீட்டில் பெருமாள் குலதெய்வம். புரட்டாசி முழுக்க மீன், கறி, முட்டை எதுவும் வாசற்படி ஏறாது. குப்பத்தில் அப்படியொன்றும் கட்டாயம் இல்லை. முதல் புரட்டாசியில் பத்தாம் நாள் அவளைக் காணோம் என்று தேடிப் போனால், அம்மா வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "திங்க மாட்டேங்க. வாசன மட்டும் புடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள். எத்தனை கூட்டத்தில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்!

மற்ற மாதங்களில் தினமும் மீன்தான். நாங்கள் இருப்பது முத்தியால்பேட்டை. நடந்தால் கால் மணி நேரத்தில் வைத்திக்குப்பம். அவள் தங்கை பூங்காவனம் அங்கேதான் கரையோரத்தில் கூடை வைத்து மீன் விற்கிறாள். காலையில் கூழ் குடித்து முடித்ததும் மங்கை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வீட்டில் மீன் சமைக்காத வெள்ளிக்கிழமைகூட, தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நடை போய்விட்டு வருவாள்.

கடைசி இரண்டு மூன்று வருஷங்களில் இது ரொம்ப அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மழை கொட்டினாலும் போனாள். பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தபோதும் அவளை உட்காரவைத்துவிட்டுப் போனாள். ஃப்ரிட்ஜ் எதற்கு இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு தடவை வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்டேன்.

"ஐஸ்ல வெச்ச மீன வாயில வெக்க முடியாதுங்க" என்றாள்.

மீன்காரர் மகள் சொன்னால் நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதுவும் ஒரு நடைதானே, உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

கடுகு டப்பா

சமையல்கட்டுப் பரிசோதனை என்று மாதம் ஒரு தடவை வைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். மைதா, வெள்ளைச் சர்க்கரை, கலர் போட்ட அப்பளம் ஏதாவது நுழைந்துவிட்டதா என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பேன். மங்கை பக்கத்திலேயே நிற்பாள். முடித்ததும் டப்பாக்களை மறுபடி வரிசையாக அடுக்குவாள்.

அது அவள் போவதற்கு முந்தைய வருஷத்துப் புரட்டாசி. கடுகு டப்பாவைத் திறந்தேன். கடுகுக்குள் பாதி புதைந்தபடி ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நாலைந்து காலியாகியிருந்தது.

இது என்ன என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "பூங்காவனத்துது. பையில தவறி வந்துடுச்சு போல" என்றாள். தவறி வந்தது கடுகுக்குள் எப்படிப் போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பூங்காவனத்துக்குச் சர்க்கரை வியாதி என்று தெரியும். மாத்திரை என்றால் அவள் மாத்திரைதான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கு?

அதோடு விட்டேனா? அன்று மாலையே அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினேன். மங்கையும் பின்னால் வந்தாள். பூங்காவனம் வீட்டு வாசலில் வலை மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. "இந்தா உன் விஷம், எங்க வீட்ல இதுக்கு எடம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே நீட்டினேன். பூங்காவனம் என் தோளுக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தாள். பிறகு அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் இதையும் ஒரு துணுக்காகச் சொன்னேன். மங்கை அன்றும் முன் வரிசையில்தான் இருந்தாள். அன்றும் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தூஸ்மான்

அந்துவானைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். வெள்ளைத் தொப்பி, கால்சராய்க்கு வெளியே தொங்காத சட்டை. காலை நடையில் எங்களோடு சேர்ந்துகொள்வார். அவர் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பேசுவதை நான் கேலி செய்வேன். அவர் என்னை விசில் என்று கூப்பிடுவார்.

கடைசி ஆறேழு மாதமாக அவர் அடிக்கடி, "தூஸ்மான், விசில், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். கிழவருக்கு முடியவில்லை போல என்று நினைத்து, அவருக்காக வேகத்தைக் குறைப்பதாகக் காட்டிவிட்டு நாலடியில் மறுபடியும் வேகமெடுப்பேன்.

மங்கை முதலில் ஓர் இடத்தில் நின்றாள். பிறகு இரண்டு இடம். அப்புறம் காந்தி சிலையில் ஒரு தடவை, பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. எப்போதும் கடல் பார்க்கத்தான். நானும் சும்மா விடாமல் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்பேன். "கலங்கலா இருக்கு, எறால் வரும்" என்பாள். "கொண்டல் காத்து. மழ வருங்க" என்பாள். சொன்னால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்திச் சொல்வாள். யோசித்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சில நாள் மழை வரவும் வந்தது.

அவள் போன பிறகு அந்துவான் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்தத் தூஸ்மான் எனக்கு இல்ல மாஸ்டர், மதாமுக்கு" என்றார். அப்போதே விளங்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேல் கோபம் வந்தது. எனக்கு யார் சொல்லி நான் கேட்டேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை

அவளுடைய கடைசிப் புரட்டாசி பிறந்ததும் மீன் பை ஆணியில் தொங்கிவிட்டது. முதல் வாரத்தில் இரண்டு தடவை தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினாள். மீன் வாங்காத மாசத்தில் குப்பத்தில் என்ன வேலை என்று கேட்டேன். அதட்டிக்கூடக் கேட்கவில்லை, கிண்டலாகத்தான் கேட்டேன். வாசனை பிடிக்கவா என்றேன். அவள் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

அந்த மாதம் நான் ஒரு புதுத் திட்டம் வைத்திருந்தேன். நாற்பது நாள் உடம்பைச் சுத்தம் செய்கிற திட்டம். காலையில் அருகம்புல் சாறு, ஒன்பது மணிக்கு மாடியில் மூச்சுப் பயிற்சி. அவளும் வந்து உட்கார வேண்டும். அவள் மீன் வாங்கப் போகிற நேரம் அதற்குத்தான் சரியாகக் கிடைத்தது. மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தால் அவளுக்கு முகம் வேர்த்திருக்கும். நல்லது, கழிவெல்லாம் வெளியே போகிறது என்பேன்.

கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உப்பைக் குறை என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கிற நாள். விடியலிலேயே குளித்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை என்று ஒண்டியாகச் செய்துகொண்டிருந்தாள். நான் நாமம் போட்டுக்கொண்டு பூஜை அறையில் இருந்தேன். உள்ளேயிருந்து வடை தீய்கிற வாசனை வந்தது. மங்கை கையில் வடை தீய்ந்ததே இல்லை. போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான் செய்ததை மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அடுப்பை அணைத்தேன். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூக்கால் இழு, நாலு எண்ணு, பிடி, மெதுவாக விடு என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தபடி முயற்சி செய்தாள். நல்ல மாணவி மாதிரி செய்தாள். பத்து நிமிஷம் இருக்கும். உதடு நீலமாகிறதைப் பார்த்த பிறகுதான் தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். சின்ன வயசு டாக்டர், நிதானமான பெண். பெயர், வயசு கேட்டுவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டாள்.

அந்த இடத்திலும் என் முதுகு நிமிர்ந்தது. "எங்க வீட்ல மாத்திரையே கிடையாதும்மா" என்றேன்.

மங்கை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நடக்கும்போது மூச்சு வாங்குமா, நின்று நின்று நடப்பார்களா என்று டாக்டர் கேட்டாள். மூச்செல்லாம் வாங்காது, நடுவில் கடல் பார்க்க மட்டும் நிற்பாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. அந்த வெளிச்சமான அறையில், நெற்றியில் நாமத்தோடு, ஆறேழு மாதத்துக் காலைகள் அத்தனையும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின. மத்தியானம் ஒரு மணிக்கு மங்கை போய்விட்டாள்.

படையல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் இரண்டு பக்கத்திலும் உள்ள வழக்கம். பூங்காவனம் காலையிலேயே வந்தாள். பையில் கிழங்கா மீன். அக்காவுக்கு உயிர் அது.

பையைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். மூன்று அட்டை. ஒன்றில் நாலைந்து காலியாகியிருந்தது.

"அக்காவுது மாமா" என்றாள்.

அழாமல் சொல்லி முடித்தாள். குப்பத்தில் இலவச மருத்துவ முகாம் போட்ட அன்று மீன் வாங்க வந்த அக்காவை அவள்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பிரஷர் எக்கச்சக்கம், இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றிருக்கிறார்கள். பெரிய டாக்டரிடமும் போய் வந்திருக்கிறார்கள். ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிடச் சொன்னாராம். அது நடந்து அப்போதே இரண்டு வருஷம். மாத்திரை பூங்காவனம் வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மங்கை தினமும் காலையில் வந்து, ஒன்றை விழுங்கிவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். மகளுக்கும் தெரியாது. முந்தைய வருஷப் புரட்டாசியில் வர முடியாதே என்றுதான் ஓர் அட்டையைக் கடுகு டப்பாவில் வைத்திருக்கிறாள். அதை நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதம் நல்லபடியாகத் தாண்டிவிட்டது. மாத்திரை இல்லாவிட்டாலும் ஒரு மாதம் ஓடும் என்று அக்கா அதிலிருந்து நம்பியிருக்கிறாள்.

அன்றைக்கே என்னிடம் சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"சத்தியம் வாங்கிடுச்சு மாமா. 'அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாருடி. நான் மாத்திர திங்கறன்னு தெரிஞ்சா அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு'ன்னுச்சு."

மாத்திரை நின்றதனால்தானா என்று பிறகொரு நாள் அந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அதனால மட்டும்தான்னு சொல்ல முடியாது சார்" என்றாள். பெரிய மனசு. அந்த 'மட்டும்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருஷத்தை ஓட்டினேன். எனக்கும் பிரஷர் இருக்கிறது என்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியாது. கனகசெட்டிக்குளத்து ஐயா, நான் இப்போது தினமும் விடாமல் செய்வது ஒன்றுதான், காலையில் ஒரு மாத்திரை. மற்றதெல்லாம் விட்டு விட்டுத்தான் நடக்கிறது.

படையல் நாளுக்கு வருகிறேன். கடைசிப் புரட்டாசியில் அக்கா வரவே இல்லையா என்று பூங்காவனத்தைக் கேட்டேன்.

"ஒரு நாள் வந்துச்சு. வெள்ளிக்கெழம, மூணாவது சனிக்கு மொத நாளு. நீங்க எங்கியோ பேசப் போயிருந்தீங்க. வாசல்லியே உக்காந்துடுச்சு, மூச்சு வாங்கி. 'மாத்திரய போட்டுக்கினு, அட்டையையும் எடுத்துக்கினு போக்கா'ன்னு கையில வெச்சு அழுத்தனேன். திருப்பிக் குடுத்துடுச்சு. 'இன்னும் ரெண்டு வாரம்தானடி. ஐப்பசி பொறந்துட்டா தெனமும் மீன் வாங்க வரப்போறேன்'னுச்சு."

அன்றைக்கு ஐப்பசி பிறந்து மூன்று நாளாகியிருந்தது. பூங்காவனம் எழுந்து மீன் கழுவப் போனாள்.